வாசகர் கேள்வி–பதில்: ஒளிரும் பொடிகளும் மேற்கோள் கணக்கும்

சென்ற இதழில் இருட்டில் ஒளிரும் பொருள்களைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பொடியைப் பற்றியவை அல்ல. பொடி செய்கிறவர்களின் மதிப்பெண்களைப் பற்றியவை. எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள், எந்தப் பட்டியலில் பெயர் என்றுதான் கேட்கிறார்கள். சரி, இந்த முறை அதையே எடுத்துக்கொள்வோம். அகேட் உரலில் யூரோப்பியம் ஆக்சைடு அரைத்தே வயதானவள் நான். எனக்கும் இதில் கொஞ்சம் கோபம் உண்டு.

கேள்வி: அம்மா, என் மகள் ஒளிர்பொருள் துறையில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர இருக்கிறாள். வழிகாட்டியாக வரப்போகிறவரின் இணையப் பக்கத்தைப் பார்த்தேன். கட்டுரைகள் 310, மேற்கோள்கள் 8,200, எச்-இண்டெக்ஸ் 46. நான் தணிக்கை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எண்கள் எனக்குப் புரியும்; இந்த எண்கள்தான் புரியவில்லை. இவர் பெரிய ஆளா?

பதில்: தணிக்கைக்காரருக்குக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். எச்-இண்டெக்ஸ் 46 என்றால், அவருடைய கட்டுரைகளில் 46 கட்டுரைகள் தலா 46 முறையாவது பிறருடைய (அல்லது அவருடைய) கட்டுரைகளில் மேற்கோளாக வந்திருக்கின்றன. 47 கட்டுரைகள் தலா 47 முறை என்ற படியை அவர் இன்னும் ஏறவில்லை. 2005இல் ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன அளவு இது. மொத்த மேற்கோள் பெரும்பாலும் எச்-இண்டெக்ஸின் வர்க்கத்தைப்போல் 3 முதல் 5 மடங்கு இருக்கும் என்றும் அவரே சொல்லியிருந்தார். 46இன் வர்க்கம் 2,116. அதன் 3 மடங்கு 6,348, 5 மடங்கு 10,580. நீங்கள் சொன்ன 8,200 நடுவில் வந்து உட்காருகிறது. ஏதோ ஒரு கட்டுரை மட்டும் ஓகோவென்று ஓடி மொத்தத்தையும் தூக்கி நிறுத்திய கணக்கு இல்லை, பல கட்டுரைகளில் பரவலாகச் சேர்ந்தது.

எண் இவ்வளவுதான் சொல்லும். ஆய்வுக்கூடம் நிற்காமல் ஓடுகிறது, அவர் உழைக்கிறார் அல்லது உழைக்க வைக்கிறார். பெரிய ஆளா என்பதற்கு எங்கள் துறையில் கட்டுரை எப்படிப் பிறக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஒளிர்பொருள் என்பது பெரும்பாலும் இரண்டு பேர் கூட்டு. ஒன்று தாய்ப்படிகம்: அலுமினேட், சிலிகேட், பாஸ்பேட், போரேட், வனடேட், டங்ஸ்டேட் என்று வகை வகையாக இருக்கும். இன்னொன்று அதில் நூற்றுக்குச் சில பங்கு மட்டும் கலக்கும் அயனி, அதாவது மின்னேற்றம் கொண்ட அணு. மூன்று மின்னேற்ற யூரோப்பியம் போட்டால் 612 நானோமீட்டரை ஒட்டிச் சிவப்பு. டெர்பியம் போட்டால் 545ஐ ஒட்டிப் பச்சை. இரண்டு மின்னேற்ற யூரோப்பியமோ சீரியமோ போட்டால் நிறம் தாய்ப்படிகத்தைப் பொறுத்து மாறும். இப்போது ஒரு பக்கம் தாய்ப்படிகங்களை வரிசையாக எழுதுங்கள், மறுபக்கம் அயனிகளை எழுதுங்கள். கட்டத்துக்கு ஒரு கட்டுரை. பிறகு ஒரே படிகத்தில் இரண்டு அயனி, அப்புறம் மூன்று. பொருள்களை நிறுத்து, அரைத்து, அலுமினா மூசையில் போட்டு 1,000 டிகிரிக்கு மேல் சுட்டு, மறுபடி அரைத்தால் பொடி தயார். எக்ஸ்-கதிர் வளைவு ஒன்று, மின்நுண்ணோக்கிப் படம் ஒன்று, கிளர்வு நிறமாலை, உமிழ்வு நிறமாலை, எந்த அளவு கலந்தால் ஒளி உச்சம் என்ற வரைபடம், ஒளி அணையும் நேரம், 1931இல் வகுத்த நிற வரைபடத்தில் ஒரு புள்ளி. கடைசி வரி மட்டும் எப்போதும் ஒன்றே: 'வெள்ளை எல்இடிக்கு ஏற்ற பொருளாக இருக்கக்கூடும்.'

இந்த வகைக் கட்டுரைகளை நான் கேலி செய்யவில்லை. யாராவது கட்டங்களை நிரப்பினால்தான் எந்தக் கட்டத்தில் புதையல் என்று தெரியும். ஆனால் உலை சரியாக இருந்து, நான்கு மாணவர்களும் இருந்தால் வருடத்துக்கு 12 கட்டுரை என்பது எங்கள் துறையில் அதிசயம் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். இன்னொன்று, கட்டம் நிரப்பும் ஒவ்வொரு கட்டுரையும் முன்னுரையில் 'இத்துறையில் பலரும் உழைத்துள்ளனர்' என்று சொல்லி முப்பது நாற்பது கட்டுரைகளை அடுக்கும். நெரிசலான தெருவில் நடப்பவருக்கு வணக்கம் அதிகம் கிடைக்கிற மாதிரி, கூட்டமான துணைத்துறையில் இருப்பவருக்கு மேற்கோள் தானாகவே சேரும். பக்கத்து அறையில் கோட்பாட்டு வேலை செய்கிறவருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு கூடச் சேராது. அதற்காக அவர் சின்ன ஆள் ஆகிவிட மாட்டார்.

நீங்கள் செய்யக்கூடியது இது. அவருடைய பக்கத்தை மேற்கோள் வரிசையில் அடுக்கி, மேலே இருக்கும் பத்தையும் திறந்து பாருங்கள். எத்தனை தொகுப்புரைகள் (பிறர் ஆய்வுகளைத் திரட்டிச் சொல்பவை), எத்தனை சொந்தச் சோதனைகள்? தொகுப்புரை எழுதுவது கெட்ட காரியம் இல்லை, ஆனால் அதற்கு மேற்கோள் கொட்டும். எழுதியவர் உலைப் பக்கம் போகாமலே கூட எழுதலாம். அப்புறம் ஆசிரியர் பெயர் வரிசை. மாணவர்கள் முதல் பெயராக வருகிறார்களா, வந்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று தேடுங்கள். உங்கள் மகளுக்கு 46 என்ற எண்ணைவிட அதுதான் உதவும். முடிந்தால் தற்போதைய மாணவர் ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: 'சோதனை தோற்றால் சார் என்ன சொல்வார்?'

கேள்வி: எச்-இண்டெக்ஸ் எப்போதாவது இறங்குமா?

பதில்: ஆய்வை நிறுத்தினாலும் இறங்காது, ஆள் போன பிறகும் ஏறும். தரவுத்தளம் எதையாவது நீக்கினால் மட்டும் இறங்கும்.

கேள்வி: ஒரே ஆய்வாளருக்கு கூகுள் ஸ்காலரில் ஓர் எண், ஸ்கோபஸில் ஓர் எண், வெப் ஆஃப் சயின்ஸில் ஓர் எண். எது உண்மை?

பதில்: மூன்றும் மேற்கோள் எண்ணும் தரவுத்தளங்கள், தத்தம் வீட்டுக் கணக்கு. ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் தாங்கள் தேர்ந்தெடுத்த ஜர்னல்கள் போன்றவற்றை மட்டும் எண்ணும். கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, கருத்தரங்கத் தாள், இணையத்தில் கிடக்கும் கோப்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணும். அதனால் கூகுள் எண் பெரும்பாலும் பெரிது. சுயவிவரத்தில் எந்த எண்ணைப் போடுவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தாராளமாக எண்ணுவதில் ஆபத்தும் உண்டு. 2010இல் சிரில் லாபே என்ற பிரெஞ்சு ஆய்வாளர், கணினி நிரலைக் கொண்டு அர்த்தமில்லாத கட்டுரைகளைத் தயாரித்து, ஐக் அன்ட்கேர் என்ற இல்லாத மனிதரின் பெயரில் இணையத்தில் ஏற்றினார். கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டிக்கொண்டன. கூகுள் ஸ்காலர் கணக்கில் அந்த இல்லாத மனிதரின் எச்-இண்டெக்ஸ் 94 வரை போனது. 2024இல் இதே வழியில் லாரி என்ற பூனையை மேற்கோள் பெற்ற ஆய்வாளராக ஆக்கிக் காட்டினார்கள். எனக்குப் பூனை மேல் மரியாதை வந்தது, அது யாரையும் நச்சரிக்கவில்லை.

பெயர்க் குழப்பம் தனி. என் பெயரும் தலைப்பெழுத்தும் உள்ள ஒருவர் மண்ணறிவியலில் இருக்கிறார். அவருடைய கட்டுரைகளை கூகுள் கொஞ்ச காலம் என் பக்கத்தில் போட்டு வைத்திருந்தது. ஒளிரும் பொடி செய்கிறவள் மண்புழுவைப் பற்றியும் எழுதியிருக்கிறாள் என்று யாரும் சந்தேகப்படவே இல்லை. நான் நீக்கிய பிறகு எண் குறைந்தது. அலுவலகத்திலிருந்து ஏன் குறைந்தது என்று விளக்கம் கேட்டார்கள். கூடியிருந்தபோது யாரும் கேட்கவில்லை. இளையவர்கள் முதல் கட்டுரைக்கு முன்பே, ஆய்வாளருக்கான தனி அடையாள எண்ணான ஆர்கிட் எண்ணை வாங்கிவிடுங்கள். 2012இலிருந்து இருக்கிறது, காசு கிடையாது, பெயர் மாறினாலும் எண் மாறாது.

கேள்வி: ஒளிர்பொருள் துறையில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் எவை? அவைதானே மிகச் சிறந்த கண்டுபிடிப்புகள்?

பதில்: முதல் கேள்விக்குப் பதில் சொன்னால் இரண்டாவது தானே கழன்று விழும்.

நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு மேற்கோள் காட்டும் கட்டுரை 1976இல் ஷானன் எழுதியது. பல்லாயிரக்கணக்கான மேற்கோள்கள். அதில் ஒளிர்வு பற்றி எதுவும் இல்லை! படிகங்களில் அயனிகளின் ஆரம் என்ன என்ற அட்டவணை. யூரோப்பியம் எந்த அயனியின் இடத்தில் போய் உட்காரும் என்று தீர்மானிக்க ஆரம் வேண்டும், அதற்காக எல்லோரும் அந்த அட்டவணைக்குப் போகிறோம். கருவிகளுக்கும் அட்டவணைகளுக்கும் மேற்கோள் சேருவது அறிவியல் முழுக்க உள்ளதுதான். உலகத்திலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை 1951இல் லௌரி குழுவினர் எழுதியது. புரதத்தை அளக்கும் முறையைச் சொல்வது, 3 லட்சத்துக்கும் மேல்.

அடுத்து 1953இல் டெக்ஸ்டர் எழுதிய கோட்பாடு: ஓர் அயனி வாங்கிய ஆற்றல் பக்கத்து அயனிக்கு எப்படித் தாவுகிறது என்பது. 1962இல் ஜட், ஓஃபெல்ட் இருவரும் தனித்தனியாக எழுதி ஒரே ஆண்டில் வெளிவந்தவை. அரிய மண் அயனிகளின் (யூரோப்பியம், டெர்பியம் போன்றவை) நிறமாலைக் கோடுகள் எவ்வளவு வலுவாக வரும் என்று கணக்கிட வழி சொன்னவை. இவற்றை மேற்கோள் காட்டுகிறவர்களில் எத்தனை பேர் முழுவதும் படித்திருப்பார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். கணக்கு கடுமையானது, சூத்திரத்தை அடுத்தவர் கட்டுரையிலிருந்து எடுத்துக்கொண்டு மேற்கோளை மூலத்துக்குக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது.

1996இல் வந்த ஒரு கட்டுரையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மட்சுசாவாவும் கூட்டாளிகளும் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட்டில் யூரோப்பியத்தோடு டிஸ்ப்ரோசியத்தையும் சேர்த்தார்கள். விளக்கை அணைத்த பிறகும் மணிக்கணக்கில் பச்சையாக ஒளிர்ந்தது. அதுவரை இருந்த துத்தநாக சல்பைடு பொடியைவிட எவ்வளவோ பிரகாசம், எவ்வளவோ நேரம். கடிகார முள்ளிலும் அவசர வழிப் பலகையிலும் இன்று பச்சையாக மினுங்குவது பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். கதிரியக்கம் கலந்த பூச்சு இல்லாமலே வேலை நடந்தது. ஆயிரக்கணக்கில் மேற்கோள் பெற்ற கட்டுரை. ஆனால் ஒளி ஏன் இவ்வளவு நேரம் தேங்கி நிற்கிறது என்று அதில் கொடுத்த விளக்கத்தை, மின்துளை (எலக்ட்ரான் விட்டுப்போன வெற்றிடம்) நகர்ந்து டிஸ்ப்ரோசியத்தில் சிக்குகிறது என்ற படத்தை, பின்னால் வந்தவர்கள் கேள்விக்கு உள்ளாக்கினார்கள். 2005இல் டோரன்பாஸ் அது ஆற்றல் மட்டங்களோடு பொருந்தாது என்று காட்டி வேறு வழி சொன்னார். ஆக அந்த ஆயிரக்கணக்கான மேற்கோள்களில் 'இந்தப் பொடி அருமை' என்பவை உண்டு, 'இந்த விளக்கம் சரியில்லை' என்பவையும் உண்டு. எண்ணும் இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

கரிம ஒளிர்பொருள் பக்கம் போனால் 1987இல் சிங் டாங், வான் ஸ்லைக் இருவரின் ஓஎல்இடி (கரிம எல்இடி) கட்டுரை. இன்றைய செல்போன் திரைக்கு அது முன்னோடி. 2001இல் பென் சோங் டாங் குழு, மூலக்கூறுகள் ஒன்றுசேர்ந்தால் ஒளி அணையும் என்ற வழக்கமான அனுபவத்துக்கு நேர்மாறாக, சேர்ந்தால்தான் ஒளிரும் ஒரு வகையைக் காட்டியது. அதிலிருந்து ஒரு துணைத்துறையே கிளம்பியது, மேற்கோளும் கிளம்பியது.

யாரும் மேற்கோள் காட்டாதவர்களையும் பாருங்கள். உறிஞ்சிய ஒளியைவிட உமிழும் ஒளி நீண்ட அலை என்பதை 1852இல் சொன்னவர் ஸ்டோக்ஸ். 'ஸ்டோக்ஸ் பெயர்ச்சி' என்று நாள் முழுக்க எழுதுகிறோம், அவருடைய கட்டுரையை அடிக்குறிப்பில் போடுகிறவர் அபூர்வம். பெயரே சொல்லாகிவிட்டால் மேற்கோள் நின்றுவிடும். 1600களின் தொடக்கத்தில் போலோனியா நகரத்துச் செருப்புத் தைப்பவர் வின்சென்சோ காசியரோலோ, தங்கம் செய்யும் ஆசையில் ஒரு கல்லைச் சுட்டு, இருட்டில் ஒளிரக் கண்டார். எங்கள் துறைக்கு அவர்தான் பாட்டன். எச்-இண்டெக்ஸ் சுழி.

கேள்வி: நான் ஆய்வு மாணவி. கட்டுரை அனுப்பும் முன், அவருடைய ஐந்து கட்டுரைகளைச் சேர்க்கும்படி வழிகாட்டி சொன்னார். அனுப்பிய பிறகு மதிப்பீட்டாளர் ஒருவர், ஒரே குழுவின் ஏழு கட்டுரைகளைச் சேர்த்தால் 'கட்டுரை வலுப்பெறும்' என்று எழுதியிருக்கிறார். என்ன செய்வது, மேடம்?

பதில்: இரண்டும் ஒன்றில்லை. முதலில் வழிகாட்டி. அதே தாய்ப்படிகத்தில் உங்கள் குழு முன்பு செய்த வேலை இருந்தால் அதைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு. தொடர்ச்சியாக ஒரு விஷயத்தில் வேலை செய்கிறவர் தன்னையே மேற்கோள் காட்டத்தான் வேண்டும். ஜான் இயோனிடிஸ் குழு 2019இல் சுமார் ஒரு லட்சம் விஞ்ஞானிகளைக் கணக்கெடுத்தபோது, தானும் தன் கூட்டாசிரியர்களும் தரும் மேற்கோளின் நடுமதிப்பு 12.7 சதவீதமாக இருந்தது. அது இயல்பு. பாதிக்கு மேல் அப்படி வந்தவர்களும் குறைந்தது 250 பேர் அதில் இருந்தார்கள். ஆகவே ஐந்தையும் திறந்து, ஒவ்வொன்றும் உங்கள் கட்டுரையின் எந்த வரிக்குத் துணை என்று பென்சிலால் எழுதுங்கள். வரி கிடைக்காததை மட்டும் அவரிடம் கொண்டுபோய், 'சார், இதை எங்கே வைக்கட்டும்?' என்று கேளுங்கள். எதிர்த்துப் பேசியதாகவும் ஆகாது. பலர் அந்தக் கேள்வியிலேயே இறங்கி வந்துவிடுவார்கள்.

மதிப்பீட்டாளர் விஷயத்தில் எனக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. அந்த ஏழும் உங்கள் பொருளைத் தொடாதவை என்றால், பதில் கடிதத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி மறுத்துவிட்டு, ஜர்னலின் ஆசிரியர் குழுவுக்குத் தனியாகத் தெரிவியுங்கள். ஏழும் ஒரே குழுவுடையவை என்பதை மரியாதையாகச் சுட்டிக்காட்டுங்கள். பெரும்பாலான பதிப்பகங்களின் நெறிமுறையில் இது முறைகேடு. பயமாக இருந்தால் வழிகாட்டியின் கையெழுத்தோடு அனுப்புங்கள். அவரும் ஒரு காலத்தில் இதே கடிதத்தை வாங்கியிருப்பார்.

கேள்வி: 'உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்' பட்டியலில் எங்கள் துறைத் தலைவர் பெயர் வந்ததாகப் பாராட்டு விழா நடத்தினார்கள். அது விருதா?

பதில்: இல்லை, அது ஓர் எக்செல் கோப்பு. மேலே சொன்ன அதே இயோனிடிஸும் கூட்டாளிகளும் ஸ்கோபஸ் தரவை வைத்துத் தயாரிப்பது. யாரும் விண்ணப்பிப்பதில்லை, யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. மொத்த மேற்கோள், எச்-இண்டெக்ஸ், கூட்டாசிரியர் எண்ணிக்கைக்கு ஏற்பத் திருத்திய எச்-இண்டெக்ஸ், தனி ஆசிரியராகவும் முதல் ஆசிரியராகவும் கடைசி ஆசிரியராகவும் எழுதியவற்றுக்கு வந்த மேற்கோள்கள் என்று ஆறு அளவுகளைச் சேர்த்து ஒரு மதிப்பெண். வெறும் எச்-இண்டெக்ஸைவிட இது கொஞ்சம் நியாயமானது. நாற்பது பேர் கட்டுரையில் முப்பதாவது பெயராக வந்தவருக்கு இதில் பெரிதாக எதுவும் ஏறாது. சுயமேற்கோள் கழித்த கணக்கும் கூடவே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு மாலை போடலாம்.

வாழ்நாள் கணக்குக்கு ஒரு பட்டியல், ஒரே ஆண்டின் கணக்குக்கு இன்னொரு பட்டியல் என்று இரண்டு உண்டு. விழா அழைப்பிதழில் எது என்று போட மாட்டார்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் துறையில் இன்னொரு வேடிக்கை. ஒளிர்பொருள் என்று தனித் துணைப்பிரிவு அதில் இல்லை. ஒருவர் எந்த ஜர்னல்களில் எழுதினார் என்பதைப் பொறுத்துப் பயன்பாட்டு இயற்பியலிலோ, பொருளறிவியலிலோ, வேதியியலின் ஏதோ ஒரு பிரிவிலோ விழுவார். பக்கத்துப் பக்கத்து உலையில் ஒரே மாதிரிப் பொடி சுடுகிற இருவர் வேறு வேறு கூட்டத்தோடு போட்டியிடுவார்கள்.

கேள்வி: ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டர் 10க்கு மேல் என்றால் அதில் வரும் கட்டுரை எல்லாம் நல்ல கட்டுரைதானே?

பதில்: இல்லை. முந்தைய இரண்டு ஆண்டுகளில் அந்த ஜர்னலில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த சராசரி மேற்கோள் அது. சில கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் வாங்கி, மற்றவற்றைத் தோளில் சுமக்கும். நூலகங்கள் எந்த ஜர்னலை வாங்கலாம் என்று பார்ப்பதற்கு உதவும் அளவு. ஆளை அளக்க வைத்துக்கொண்டது பின்னால் வந்த பழக்கம். அதை விடச் சொல்லித்தான் ஆய்வு மதிப்பீடு பற்றிய சான் பிரான்சிஸ்கோ அறிக்கை 2013இல் வந்தது. கையெழுத்துப் போட்ட நிறுவனங்கள் நிறைய, பழக்கத்தை விட்டவை குறைவு.

கேள்வி: எல்லா எண்ணையும் கழித்துக் கட்டிவிட்டீர்கள். ஒளிர்பொருள் ஆய்வாளர் ஒருவரை நீங்கள் எப்படி எடைபோடுவீர்கள்? தேர்வுக் குழுவில் இருந்திருப்பீர்களே?

பதில்: இருந்திருக்கிறேன். அவர்களே 'என் சிறந்த மூன்று' என்று தரும் கட்டுரைகளை வாங்கிக்கொண்டு போய்ப் படிப்பேன். அவ்வளவுதான் என் முறை. ஆனால் படிக்கும்போது எதைத் தேடுவேன் என்று சொல்கிறேன்.

ஒளியின் அளவு எந்த அலகில் இருக்கிறது? உமிழ்வு வரைபடத்தின் நிமிர் அச்சில் 'தன்னிச்சை அலகு' என்று மட்டும் இருந்தால், இந்தப் பொடி அந்தப் பொடியைவிட நன்றாக ஒளிர்கிறது என்று சொல்ல முடியாது. துகள் அளவு, பொடியை எவ்வளவு அழுத்தி வைத்தார்கள், கருவியின் பிளவு எவ்வளவு அகலம் என்று எல்லாமே உயரத்தை மாற்றும். எல்லாப் பக்கமும் சிதறும் ஒளியைச் சேர்த்து அளக்கும் ஒருங்கிணைக்கும் கோளத்தில் வைத்துக் குவாண்டம் திறன் அளந்தாரா என்று பார்ப்பேன். அளந்திருந்தால் அகத்திறனா புறத்திறனா? உறிஞ்சிய ஒளித்துகள்களில் எத்தனை வெளியே வந்தன என்பது அகத்திறன். விழுந்தவற்றில் எத்தனை என்பது புறத்திறன். அகத்திறன் 90 சதவீதம் என்று தலைப்பிலேயே பெருமையாகப் போட்டிருக்கும். பொடி வந்த ஒளியில் பத்தில் ஒரு பங்கைத்தான் உறிஞ்சுகிறது என்றால் புறத்திறன் 9 சதவீதம். விளக்கு செய்கிறவருக்கு வேண்டியது இரண்டாவது எண்.

எதைக் கொண்டு கிளர்வூட்டினார்? வெள்ளை எல்இடியில் இருப்பது பெரும்பாலும் 450 நானோமீட்டரை ஒட்டிய நீலச் சில்லு. 254 நானோமீட்டர் பாதரச விளக்கில் காட்டிப் படம் பிடித்துவிட்டு 'எல்இடிக்கு ஏற்றது' என்று முடித்தால் அந்தக் கட்டுரையை மூடிவிடுவேன். சூட்டில் என்ன ஆகிறது? எல்இடி உள்ளே பொடி 150 டிகிரியை எட்டலாம். அறை வெப்பத்தில் இருந்த ஒளியில் 150 டிகிரியில் எவ்வளவு மிச்சம் என்ற ஒரு வரைபடம் இருக்கிறதா? இதெல்லாம் இருந்தால் அவர் தன் பொடியைத் தானே சந்தேகப்பட்டுப் பார்த்தவர் என்று அர்த்தம்.

கடைசியாக, வேறு யாராவது, வேறு உலையில், அதே பொடியைச் செய்து அதே ஒளியைப் பார்த்தார்களா என்று தேடுவேன். மேற்கோள் பட்டியல் எனக்கு உண்மையில் உதவுவது இங்கேதான். எத்தனை என்று எண்ணாமல், யார், எதற்காக என்று பார்ப்பேன். முன்னுரையில் மற்ற இருபதோடு சேர்த்து அடுக்கியவற்றைத் தள்ளிவிட்டால், சோதனைப் பகுதியில் 'இவர் முறைப்படி செய்தோம்' என்று சொல்கிற நான்கைந்து மிஞ்சும். முந்நூறு மேற்கோளில் அப்படி நான்கு இருந்தாலே நான் கை தூக்கிவிடுவேன்.

நேர்காணலில் ஒரே கேள்வி கேட்பேன்: 'உங்கள் பொடிகளில் எது ஏமாற்றியது?' உடனே உற்சாகமாகப் பேச ஆரம்பிக்கிறவர் உலைப் பக்கத்தில் நின்றவர்.

கேள்வி: பல வருடம் உழைத்து எழுதிய கட்டுரைக்கு மூன்று மேற்கோள்தான் வந்திருக்கிறது. இரண்டு என்னுடையவை. வீண்தானா?

பதில்: வீண் என்று இப்போது சொல்ல முடியாது, பெரிய வேலை என்றும் இப்போது சொல்ல முடியாது. இரண்டு கதை சொல்கிறேன்.

1967இல் பிளாசே, பிரில் என்ற இருவர் இட்ரியம் அலுமினியம் கார்னெட் என்ற படிகத்தில் சீரியம் சேர்த்து மஞ்சள் ஒளிர்பொருள் ஒன்றை வெளியிட்டார்கள். எதற்காக? வண்ணத் தொலைக்காட்சி ஒளிபரப்பில் படங்களை வருடும் ஒரு வகைக் கதிர்க்குழாய்க்காக. சீரியத்தின் ஒளி மிக வேகமாக அணையும், அந்தக் குழாய்க்கு அந்த வேகம் தேவைப்பட்டது. குழாய் போய்விட்டது. 1990களில் பிரகாசமான நீல எல்இடி வந்தபோது, நீலத்தை வாங்கி மஞ்சளாகக் கொடுக்க ஒரு பொடி தேவைப்பட்டது. நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் கண்ணுக்கு வெள்ளை. அந்தப் பழைய கார்னெட்டை எடுத்து மேலே பூசினார்கள். வெள்ளை எல்இடி பிறந்தது அப்படித்தான்.

இரண்டாவது, 1973இல் பாலுஸ் என்பவர் ஃபுளூரைடு படிகங்களில் நான்கு மின்னேற்ற மாங்கனீசு சிவப்பாக ஒளிர்வதை எழுதினார். பொட்டாசியம் சிலிக்கோ ஃபுளூரைடும் அதில் ஒன்று. 630 நானோமீட்டரை ஒட்டி மெல்லிய சிவப்புக் கோடுகள், நீல ஒளியை நன்றாக உறிஞ்சும். ஆனால் உறிஞ்சக் கொடுக்க அன்று நீலச் சில்லு இல்லையே. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது கிடந்தது. திரைகளுக்குச் சுத்தமான சிவப்பு தேவைப்பட்டபோது எல்லோரும் அதைத் தேடி ஓடினார்கள், இன்று அது விற்பனைப் பொருள். இப்படிப்பட்ட கட்டுரைகளுக்குத் 'தூங்கும் அழகி' என்று 2004இல் பெயர் வைத்தவர் லைடனில் இருந்த வான் ரான்.

தூங்குகிற எல்லாக் கட்டுரையும் எழுந்துகொள்ளாது, நிறையத் தூங்கியபடியே போய்விடும். ஆனால் பிளாசேயும் பாலுஸும் எழுப்பப்பட்டதற்கு ஒரு காரணம், அவர்கள் எண்களைப் பயன்படுத்தக்கூடியபடி எழுதி வைத்தது: எவ்வளவு கலந்தோம், எந்த அலையை எவ்வளவு வாங்கியது, சூட்டில் என்ன ஆனது. உங்கள் கட்டுரையில் அவை இருக்கின்றனவா? மூலத்தரவை ஏதாவது திறந்த களஞ்சியத்தில் ஏற்றி வையுங்கள். அப்புறம் அடுத்த பொடிக்குப் போங்கள்.

கேள்வி: தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் பாஸ்பர் (ஒளிர்பொருள்) செய்கிறேன். காப்புரிமைகள் நிறைய உண்டு, கட்டுரை ஆறோ ஏழோதான். பல்கலைக்கழகத்தில் பேச அழைத்தவர்கள் என் எச்-இண்டெக்ஸைக் கேட்டார்கள். 5 என்றேன். அமைதியாகிவிட்டார்கள்.

பதில்: காப்புரிமைக்கு வரும் மேற்கோள் உங்கள் எச்-இண்டெக்ஸில் பொதுவாகச் சேராது. நீங்கள் கண்டுபிடித்ததை வெளியில் சொல்லக்கூடாது என்று சம்பளம் கொடுக்கிறார்கள், சொன்னவருக்குத்தான் மேற்கோள். அடுத்த முறை கேட்டால் எண்ணைச் சொல்லாதீர்கள். அந்த அரங்கத்தின் கூரையில் எரிவது எல்இடியாக இருந்தால், அதிலுள்ள பொடியை எப்படிச் செய்கிறார்கள் என்பதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.